கணக்கு சேருக்குக் கோரஸ் ஆகாது

"எல்லாருக்கும் ப்ளேன்டி தானே?" என்று ஆசிரியர் ஓய்வறையில் யாராவது கேட்டால் கணக்கு சேர் திருத்திக்கொண்டிருக்கும் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்துவார்.

"என்னைத் தனியாக் கேளுங்க."

தனியாகக் கேட்டால், "எனக்கும் ப்ளேன்டிதான்" என்பார். இதைக் கேட்டு நாங்கள் சிரிக்காத நாள் இல்லை. எரிச்சல்பட்ட நாளும் உண்டு. சம்பளம் வராத மாதத்தில், மழையில் நனைந்து ஏறி வந்த காலையில், ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு ஆளுக்கு ஆள் வாக்குமூலம் கொடுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? "இந்த மனுஷனோட வீட்டுக்காரி பாவம்" என்று நான் ஒருமுறை சத்தமாகவே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அதை நீங்க ஒராளாச் சொன்னீங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

எங்கள் பள்ளிக்கூடம் கஹவத்தையிலிருந்து மேலே, ரப்பர் தோட்டம் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் இருந்தது. நான் கஹவத்தை டவுன்காரி. எங்கள் வாப்பா காலத்திலிருந்து பஜாரில் கடை. பதினொரு வருஷம் பஸ்ஸில் போய் அங்கே தமிழ் படிப்பித்தேன். கணக்கு சேர் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் நாலு பென்சில், ஓரம் உடைந்த ஒரு போன். எங்கள் பள்ளியில் இருந்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவுதான்.

பத்தாம் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஆளுயரப் பலகைத் தட்டி மட்டும் இருந்ததால் அவர் வந்த முதல் நாளே அவருடைய பாடத்தை நான் கேட்க வேண்டியதாயிற்று. பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார். பிறகு எல்லா ஆசிரியர்களும் கேட்பது போலவே கேட்டார்.

"வெளங்குச்சா?"

"வெளங்குச்சு சேர்!" என்று முப்பத்தொரு பிள்ளைகளும் ஓட்டுக் கூரை அதிரக் கத்தினார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். சேர் சோக்கை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"யாருக்கு வெளங்குச்சு?" என்று கேட்டார்.

ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து சொன்னதைத் தனியாகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. "எல்லாரும் சேந்து சொன்னா யாருமே சொல்லலைன்னுதான் அர்த்தம்" என்றார். அந்த வாசகத்தை அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் தோட்டத் தலைவர் "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டு எல்லாரும் "சம்மதம்" என்றதும், இவர் எழுந்து ஒவ்வொருவராகக் கேட்கச் சொன்னார். கூட்டம் பின்னேரம் வரைக்கும் இழுபட்டது. தலைவர் அன்றிலிருந்து இவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

சேர் வகுப்புக்கு அட்டைகளைக் கொண்டுவந்தது அதன் பிறகுதான். பிள்ளைகளுக்குப் போன் இல்லை, கம்ப்யூட்டர் அறையில் இருந்த ஆறு கம்ப்யூட்டரில் நாலு ஓடாது. சேர் எங்கேயோ ஒரு வழியை வாசித்துவிட்டு வந்தார். கஹவத்தை கொமியூனிகேஷன் கடையில் முப்பத்தொரு தாள் அச்சடித்து, பழைய கலண்டர் அட்டையில் ஒட்டி, மழைக்கு ஊறாமல் டேப் சுற்றினார். ஒவ்வொரு அட்டையிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் ஒரு கோலம். ஒரு அட்டையின் கோலம் இன்னொன்றில் வராது. அட்டையின் நாலு பக்கத்துக்கும் அ, ஆ, இ, ஈ என்று பெயர். கேள்விக்கு விடை எதுவோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் திருப்பி நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும். சேர் போனை உயர்த்தி, வகுப்பு முழுவதையும் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். யார் என்ன விடை பிடித்திருக்கிறார்கள் என்று போன் ஒரே மூச்சில் வாசித்துவிடும். வாய் திறக்கத் தேவையில்லை. பக்கத்திலிருப்பவனுக்கு எந்தப் பக்கம் எந்த எழுத்து என்று தெரியாது, எழுத்துகளை அவ்வளவு சின்னதாகப் போட்டிருந்தார்.

"இது ஒங்க அட்டை. பக்கத்துல உள்ளவங்க பதில இதுல காட்ட வேணாம். பிழையா இருந்தாலும் ஒங்க பிழையா இருக்கட்டும்."

போனைப் பிடித்தபடி, "இன்னும் ஒராள் இருக்கு" என்பார். அந்த ஒராள் திருப்பும் வரை கை வலித்தாலும் இறக்க மாட்டார். முப்பது பேர் சரியாகச் சொல்லியிருந்தாலும் சரி, அடுத்த கேள்விக்குப் போக மாட்டார். கொழும்பில் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் கொடுத்த புரொஜெக்டரில், கரண்ட் இருக்கும் நாட்களில், முடிவைச் சுவரில் காட்டுவார். எத்தனை பேர் அ, எத்தனை பேர் ஆ என்ற எண்ணிக்கை மட்டும். பெயர்களைக் காட்டவே மாட்டார்.

அந்த வகுப்பு மாறியதை நான் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தே கேட்டேன். பின்வரிசை வாங்கில் தூங்கி வழிந்த பையன்கள், மணி அடித்தால் "இன்னும் ஒரு கேள்வி சேர்" என்றார்கள். பத்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு ஐந்தாம் வகுப்புப் பின்னமே தெரியாது என்று அட்டைகள் காட்டிக் கொடுத்தன. சேர் பாடத்திட்டத்தை மூடி வைத்துவிட்டு ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்கினார். அதிபர் தலையில் கை வைத்தார். "வலயக் கல்விக் கந்தோர்ல கேட்டா நான் என்ன சொல்றது?" "வெளங்கலைன்னு புள்ளைங்க சொன்னதாச் சொல்லுங்க" என்றார் இவர்.

ஏன் இப்படி என்று பஸ் தரிப்பில் வைத்து ஒருநாள் கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது, பஸ்ஸும் வரவில்லை, அதனால் சொன்னார். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அவருக்கு வாசிக்கத் தெரியாதாம். எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது வாயை மட்டும் அசைப்பாராம்.

"அஞ்சு வருஷம் டீச்சர். ஒராளுக்கும் தெரியல. கவனமாப் படிக்கிற புள்ளைன்னு ரிப்போட்டுல எழுதிக் குடுத்தாங்க. அம்மா அத மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்துச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கௌசல்யாவைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். மூன்றாம் வாங்கில் ஜன்னலோரம் இருக்கும் பிள்ளை. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், அம்மா கொழுந்தெடுக்கிறவர். என் பாடத்தில் நான் அவளுடைய குரலைக் கேட்டதே கிடையாது. வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், கண்ணில் தண்ணீர் வரும், உட்காரச் சொல்லிவிடுவேன்.

"கணக்கு நல்லா வரும் டீச்சர் அவளுக்கு. வாயத் தொறக்க மாட்டா, அட்டைய எல்லாருக்கும் முன்னாடி திருப்புவா. பிழைன்னா உடனே திருத்துவா. என்னைய நம்புறா."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சும்மா சொல்லிவிட்டுப் போனார். நானும் அன்று அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு நாட்டில் பொருளாதார நெருக்கடி வருஷம் வந்தது. அரிசி விலை ஏறியது, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மாவு கிடையாது. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அரசாங்கச் சாப்பாடு சின்ன வகுப்புகளுக்கு மட்டும்தான் வந்தது. கஹவத்தையில் பேக்கரி வைத்திருக்கும் என் மூத்த சகோதரரிடம், நாநாவிடம், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலையில் ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். "யாரு யாரு பட்டினியா வாறாங்கன்னு ஒரு லிஸ்ட் தா, அவங்களுக்குக் குடுப்போம்" என்றார்.

நல்ல மனசோடுதான் தொடங்கினேன். நல்ல மனசு என்பதைச் சொல்லிக்கொண்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் வாயால் சொல்ல மாட்டார்கள், அட்டையால் சொல்வார்கள் என்று நினைத்தேன். சேரிடம் அட்டைகளையும் போனையும் என் பாடத்துக்குக் கேட்டேன். என்ன கேள்வி என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டு, "சுவத்துல போடுறதுக்கு முன்னாடி இந்த எடத்த அமுக்கிப் பேர மறைச்சிடுங்க. மறக்க வேணாம் டீச்சர்" என்றார். போய்விட்டுத் திரும்பி வந்து, வாசலில் நின்று, இன்னொரு தரமும் சொன்னார்.

நான் மறைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு சொன்னது பாதி உண்மை. எனக்குப் பெயர்கள் வேண்டும், நாநா லிஸ்ட் கேட்டிருக்கிறார், ஆகவே பெயர் போனில் தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றேதான் விட்டேன். போனிலிருந்து புரொஜெக்டருக்கு வயர் போயிருந்ததைத்தான் மறந்தேன். நாளெல்லாம் கரண்ட் வெட்டுகிற அந்த மாதத்தில், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் இருந்தது.

"இன்னிக்குக் காலையில சாப்ட்டவங்க அ பக்கத்தக் காட்டுங்க. சாப்பிடாதவங்க ஆ."

போனை உயர்த்திச் சுற்றினேன். எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் பார்ப்பது தெரிந்து திரும்பினேன். சுவரில் முப்பத்தொரு பெயர். முப்பது பெயர் பச்சை. கௌசல்யாவின் பெயர் மட்டும் சிவப்பு.

இதில் டவுன்காரியான என் மடத்தனம் ஒன்று இருக்கிறது. பதினொரு வருஷம் போய் வந்தும் எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் "சாப்ட்டீங்களா?" என்று வெளியாள் கேட்டால் "சாப்ட்டாச்சுங்க" என்பதுதான் பதில். சாயத்தண்ணி மட்டும் குடித்திருந்தாலும் அதுதான். அடுப்பு பற்றவைக்காத வீட்டிலும் அதுதான். அது பொய் அல்ல, வீட்டு மானம். முப்பது பிள்ளைகளும் வீட்டில் பழகியபடி அட்டையைப் பிடித்தார்கள். ஒருத்தி மட்டும் சேர் சொல்லிக் கொடுத்தபடி பிடித்தாள்.

யாரோ ஒரு பையன் சிரித்தான். கௌசல்யா சுவரைப் பார்த்தாள். பிறகு அட்டையை அ பக்கத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் போனை இறக்கியிருந்தேன், ஆகவே சுவரில் எதுவும் மாறவில்லை. அந்தப் பிள்ளை அட்டையைப் பிடித்தபடியே இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. மறுநாளே அவளுடைய அப்பா வந்தார். பால் வெட்டுகிற கத்தி இடுப்பில் இருந்தது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டிலிருந்து நேரே வந்திருந்தார். பின்னால் தோட்டத் தலைவரும் வந்தார்.

"என் வீட்டு அடுப்ப ஒங்க சுவத்துல போட யாரு ஒங்களுக்கு ரைட் குடுத்தது? லயத்து வீடு அத்தனையும் சிரிக்குது. யாரு செஞ்சது இத?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணக்கு சேர் முன்னால் வந்துவிட்டார்.

"அது என் அட்டைங்க, என் போன். பேர் தெரியுற மாதிரி வச்சிருந்தது என் பிழை. டீச்சருக்கு அது தெரியாது."

எனக்கு இரண்டு தரம் சொல்லியிருந்தார். அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"இனிமே எங்க லயத்துப் பக்கம் வந்துறாதீங்க" என்று சேரிடம் சொல்லிவிட்டுக் கௌசல்யாவின் அப்பா போனார். தலைவர் வலயக் கந்தோருக்குக் கடிதம் போட்டார். பிள்ளைகளின் குடும்ப விஷயத்தைக் கணக்கு சேர் படம் பிடித்துச் சுவரில் காட்டினார் என்று எழுதியிருந்தாராம். விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார். எங்கள் எல்லாரையும் ஓய்வறையில் உட்கார வைத்து, கடிதத்தை வாசித்து, சேர் பிழையை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"வேற யாருக்காவது இதுல சொல்ல ஏதாவது இருக்கா?"

"இல்ல சேர்" என்றோம்.

ஒன்பது பேர் சேர்ந்து சொன்னோம். என் குரலும் அதில் இருந்தது. எவ்வளவு இலகுவாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஒன்பது குரலுக்குள் என் குரல் எது என்று அதிகாரிக்குத் தெரியாது. கணக்கு சேருக்குத் தெரிந்திருக்கும். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்துக்குள் அவருக்குப் புளத்கொகுபிட்டியப் பக்கம் மாற்றல் வந்தது. போவதற்கு முதல் நாள் அவர் வகுப்பில் போன் இல்லை, அட்டை இல்லை. ஒரே அளவில் வெட்டிய வெள்ளைத் தாள் துண்டுகளையும் ஒரே மாதிரிப் பென்சில்களையும் கொடுத்தார். பெயர் எழுதக் கூடாது, எழுத்தே எழுதக் கூடாது. தமிழ் டீச்சர் கேட்ட அன்றைக்குச் சாப்பிட்டிருந்தால் ஒரு கோடு, இல்லையென்றால் பெருக்கல் குறி. மடித்துச் சோக்குப் பெட்டியில் போட வேண்டும். "இன்னும் ஒராள் இருக்கு" என்று அவர் சொல்வது தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

பின்னேரம் அந்தத் துண்டுகளை ஒரு கடித உறையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார்.

"முப்பதுல பத்தொம்பது டீச்சர். இத அந்தப் புள்ளைக்குக் காட்டணும். என்னைய அங்க வர வேணாம்னுட்டாங்க. நீங்க போவீங்களா?"

"போறேன் சேர்."

நடந்ததைப் பற்றி அவர் திட்டவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, நினைவூட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் நான் அன்றைக்கே போயிருப்பேன் என்று நினைக்கிறேன். நாநாவிடம் மட்டும் எண்ணிக்கையைச் சொன்னேன். லிஸ்ட் இல்லாமலே எல்லாப் பிள்ளைகளுக்கும் அவருடைய பேக்கரியிலிருந்து பணிஸ் வரத் தொடங்கியது. அதோடு என் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு கடித உறையை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். லயத்துக்குப் போனால் பத்தொன்பதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வர முடியாதே, என் பிழையையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் போய்விட்டது. பதினோராம் வகுப்புக்கு ஏறிய பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பும் நேரம் வந்தது. அதிபர் பட்டியலில் கௌசல்யாவின் பெயருக்கு மேல் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்ததைப் பார்த்தேன். அழிக்கக்கூடிய கோடுதான். இன்னும் ஒரு வாரத்தில் அதைப் பேனாவால் போட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். அந்த ஏற்றத்தை நான் அதற்கு முன் ஏறியதே இல்லை. லயத்தில் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். கௌசல்யாவின் அப்பா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் உட்காரவில்லை.

"சேர் எனக்கு ரெண்டு தரம் சொன்னாரு, பேர மறைக்கச் சொல்லி. நான்தான் மறைக்கல. பிழை என்னோடது. அவரு எனக்காக ஏத்துக்கிட்டாரு. நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நான் முதல்முறையாகக் கேட்ட அவளுடைய குரல் அது.

"மத்தவங்க எல்லாம் அன்னிக்குச் சாப்ட்டுத்தான் வந்தாங்களா டீச்சர்?"

கடித உறையைக் கொடுத்தேன். எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, பெருக்கல் குறி போட்டதைத் தனியாக வைத்து, வாய்விட்டு எண்ணினாள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள்.

"மூணு மாசமா" என்றார் அவளுடைய அப்பா. "மூணு மாசமா இந்தத் தோட்டத்துலயே எங்க வீடு மட்டுந்தான்னு நெனச்சிக்கிட்டு, தலையக் குனிஞ்சே மலைக்கு வேலைக்குப் போறேன் டீச்சர்."

லயத்து அறைகளுக்கு நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் குரல் சுவருக்கு மேலாக வந்தது.

"எங்க வீட்லயும் அன்னிக்கு ஒண்ணும் இல்லண்ணே."

அதற்கும் அடுத்த அறையிலிருந்து ஒரு வயதான ஆண் குரல், மெதுவாக, "எங்க வீட்லயுந்தான்" என்றது. அப்புறம் இந்தப் பக்கத்து அறையிலிருந்து ஒரு பையன் வெளியே வந்து நின்றான். அன்றைக்குச் சிரித்தவன். அவன் அழுதான்.

சேர் அங்கே இருந்திருக்க வேண்டும். எனக்கு அது மட்டும்தான் தோன்றியது. அவர் கேட்டிருக்க வேண்டிய குரல்களை நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கௌசல்யா வந்தாள், விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தாள். அன்றைக்கே நான் வலயக் கந்தோருக்கு நடந்ததை எழுதினேன். அதிபர் வாசித்துவிட்டு, தனியாக அனுப்பினால் எனக்குத்தான் பிரச்சினை வரும் என்று பயந்தார். "எல்லாருமாச் சேந்து ஒரு கடிதமா அனுப்புவோம் டீச்சர், அதுதான் பாதுகாப்பு" என்றார்.

"இல்ல சேர், இது என்னோடது" என்று சொல்லி, என் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒரு பிரதியைப் புளத்கொகுபிட்டியவில் இருந்த கணக்கு சேருக்கும் அனுப்பினேன். வலயத்திலிருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருடைய மாற்றல் ரத்தாகவில்லை. அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை, நான் அதை எதிர்பார்த்திருக்கவும் கூடாது.